ஒரு அழுத்து, ஒரு குண்டு

ஜூன் 7, ஞாயிறு

தோத்துட்டோம். தோத்ததுகூடப் பரவாயில்லை, தோக்காதவன் யாரு. ஆனா தோத்த விதம் இருக்கே, வயிறு எரியுது.

வாட்ஸ்அப் குரூப்புல கத்தி மானத்தை வாங்காதீங்க, இதுல எழுதித் தொலைங்கன்னு சுபா இந்த டைரியைக் கொண்டுவந்து மடியில போட்டா. நான் வேலை பார்க்கிற பைக் ஷோரூம்ல புது வருஷத்துக்குக் கொடுத்தது, பால் கணக்குகூட எழுதாம கிடந்துச்சு. சரி, எழுதுறேன். பொண்டாட்டி சொல்லைத் தட்டக்கூடாது.

ஸ்டீபன் அண்ணன் தில்லை நகர்ல கேமிங் சென்டர் வச்சிருக்கார். அவர் நடத்துற ஞாயித்துக்கிழமை லீக்ல திருச்சி டீமுங்க எல்லாம் ஆடுது. அவங்கவங்க வீட்டுல இருந்தே ஆடுறதுதான், துப்பாக்கிச் சண்டை. எங்க டீமுக்கு நான் கேப்டன். லீக்ல எல்லாருக்கும் ஒரே துப்பாக்கி. மௌஸை ஒரு தடவை அழுத்தினா ஒரு குண்டு போகும். வேகமாச் சுடணும்னா விரல் வேகமா வேலை செய்யணும், வேற வழி கிடையாது. சில திருட்டுப் பயலுங்க மட்டும் மேக்ரோன்னு ஒண்ணை வச்சுக்குவானுங்க. இவன் பட்டனைச் சும்மா பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான், இவனுக்காக மெஷினே டபடபன்னு அழுத்திக்கும். அதனாலதான் எங்க லீக்ல முதல் விதியே 'ஒரு அழுத்து, ஒரு குண்டு'. அந்த விதியை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

இன்னைக்கு எதிர் டீம்ல 'தயிர்சாதம்'னு ஒரு ஐடி. பேரைப் பாருங்க. போன மாசம்தான் சேர்ந்திருக்கான். நான் எங்க ஒளிஞ்சாலும் வந்து சுடுறான், சத்தம் தையல் மெஷின் ஓடுற மாதிரி வருது. மனுஷ விரலுக்கு அந்த வேகம் வராது. நான் எட்டு வருஷமா ஆடுறவன், எனக்குத் தெரியாதா?

ஜூன் 8, திங்கள்

புகார் கொடுத்தாச்சு. ஸ்டீபன் அண்ணன், நிஜமாவே கொடுக்கிறியா தியாகுன்னு கேட்டார். நிஜமாத்தான்னேன்.

எங்க லீக்ல இதுக்கு ஒரு வழக்கம் இருக்கு. புகார் வந்தா அந்த ஆளு ஒரு ஆட்டம் ஆடிக்கிட்டே தன் கையை வீடியோ எடுத்து அனுப்பணும். அதைப் பார்த்துட்டுப் புகார் கொடுத்தவன் குரூப்புல 'திருப்தி'ன்னோ 'திருப்தி இல்லை'ன்னோ எழுதணும். மூணு தடவை திருப்தி இல்லைன்னா அந்த ஐடி சீசன் முழுக்க வெளியே. தீர்ப்பைப் புகார்காரன் கையிலயே கொடுக்கலாமான்னு ஆரம்பத்துல சிலர் கேட்டாங்க. கத்துறவனுக்கு மனசு ஆறினாத்தான்டா சண்டை ஓயும்னு சொல்லிட்டார் அண்ணன். இதுவரைக்கும் யாரும் இரண்டாவது வீடியோ கேட்டதில்லை.

சர்வீஸ் கவுண்டர்ல இன்னைக்கு ஒரே கூட்டம். பிரேக்கைத் தேய்ச்சுட்டு வந்து வண்டியே சரியில்லைன்னு சண்டை போடுறாங்க.

ஜூன் 10, புதன்

வலது கை. சுட்டு விரல்ல ஆரம்பிச்சு மணிக்கட்டு வரைக்கும் இழுக்குது. ஒரு வருஷமா இருக்கிறதுதான், இப்ப கொஞ்சம் கூட. யார்கிட்டயும் சொல்லலை. கேப்டனுக்குக் கை வலின்னா டீம் இளக்காரமாப் பார்க்கும்.

ஜூன் 13, சனி

புது மௌஸ் வாங்கினேன். கைக்கு இதமா, பெருசா, உப்பின பூரி மாதிரி இருக்குன்னு சுபா சிரிக்கிறா. பெருவிரல் பக்கம் ஒரு பட்டன் அதிகமா இருக்கு. அதுக்கு வேணுங்கிற வேலையை நாமளே கொடுத்துக்கலாமாம். நான் மேப் திறக்கிறதுக்கு வச்சுக்கிட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

ஜெயிச்சோம், ஆனா என்னால இல்லை. மொழிதான் காப்பாத்தினான். மணிமொழியன், எங்க டீம்ல சின்னவன், என்னை அண்ணே அண்ணேன்னு சுத்தி வர்றவன். நாலு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் அவனை லீக்குக்குக் கூட்டிட்டு வந்தேன்.

தயிர்சாதம் வீடியோ அனுப்பியிருக்கு. கையைப் பார்த்தா பொண்ணு கை! ஷெரின் பாத்திமாவாம், காலேஜ்ல இரண்டாம் வருஷமாம், பாலக்கரையாம். குரூப்புல ஒரே அல்லோலகல்லோலம். ஒருத்தன் வளையலைப் பத்திக் கிண்டல் பண்ணினான், அவனை நானே அதட்டினேன். ஆணோ பெண்ணோ, விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.

சுட்டு விரலும் நடு விரலும் மாத்தி மாத்தித் தட்டுறா. அப்படித் தட்டினா வேகம் வரும்தான். ஆனா கேமரா சாஞ்சிருக்கு, பெருவிரல் தெரியலை. பெருவிரல்ல என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? 'திருப்தி இல்லை'ன்னு போட்டேன்.

ஜூன் 17, புதன்

மேப் திறக்கிறதுக்கு அந்தப் பட்டன் தேவைப்படலை. வேற வேலை கொடுத்துப் பார்த்தேன். பிடிச்சுக்கிட்டா தொடர்ந்து சுடுற மாதிரி ஒண்ணு அதுலயே இருக்கு.

இதை மேக்ரோன்னு சொல்ல முடியாது. மேக்ரோங்கிறது எங்கேயோ இருந்து திருட்டுத்தனமா இறக்கிப் போடுறது. இது கம்பெனிக்காரனே பெட்டிக்குள்ள வச்சுக் கொடுத்த வசதி. கை வலி உள்ளவனுக்கு ஒரு வசதி. அதுவும் பயிற்சிக்கு மட்டும்தான்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.

ஜூன் 20, சனி

சுபா மேல சள்ளுன்னு விழுந்துட்டேன். விழுந்திருக்கக் கூடாது.

காலையில மேஜையைத் துடைச்சிருக்கா. நான் பயிற்சி ஆட்டத்தை அப்படியே போட்டுட்டுப் பல் விளக்கப் போயிருந்தேன். துணி அந்தப் பட்டனை அமுக்கிக்கிட்டு இருந்திருக்கு. நான் வாயில நுரையோட ஓடி வந்து பார்த்தா, திரையில துப்பாக்கி நிக்காம சுட்டுக்கிட்டே இருக்கு. இவ சிரிச்சுக்கிட்டே, என்னங்க, நான் ஒண்ணுமே பண்ணலை, இது தானாச் சுடுதுங்கிறா. உன்னை யாரு இதைத் தொடச் சொன்னதுன்னு கத்திட்டேன். சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. துணியை எடுத்துக்கிட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டா.

மத்தியானம் சோறு போட்டா, எதுவும் கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், வசதின்னு.

ஜூன் 21, ஞாயிறு

ஜெயிச்சோம்! இன்னைக்கு நான்தான் முதல். அண்ணே, பழைய ஃபார்முக்கு வந்துட்டீங்க, மெஷின் மாதிரி சுட்டீங்கன்னு மொழி ஹெட்செட்டுல கூவுறான். எத்தனை நாளாச்சு இப்படி ஒரு வார்த்தை கேட்டு.

மணிக்கட்டு ரொம்ப இழுத்தப்ப ஒரு இடத்துல மட்டும்தான் அந்த வசதி. சரி, ரெண்டு இடத்துல.

கை வலி இல்லை.

ஜூன் 22, திங்கள்

ஷெரின் இரண்டாவது வீடியோ அனுப்பிட்டா. இந்தத் தடவை போனை ஸ்டூல் மேல கட்டி நேர் மேல இருந்து எடுத்திருக்கா. அஞ்சு விரலும் தெரியுது, திரையும் தெரியுது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குண்டு.

சுபா காய் நறுக்கிக்கிட்டே எட்டிப் பார்த்துட்டு, அந்தப் பொண்ணு பாவம் ரெண்டு விரலால தட்டுது, இதுல என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறீங்கன்னா. உனக்கு இதெல்லாம் புரியாதுன்னேன். புரியாதுதான்னு சொல்லிட்டு வெண்டைக்காயைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டா.

எனக்கென்னவோ வீடியோ ரொம்ப சுத்தமா இருக்கிறதே சந்தேகமா இருக்கு. இவ்வளவு சரியா எவன் எடுப்பான்? திருப்தி இல்லை.

ஸ்டீபன் அண்ணன் போன் பண்ணினார். மூணாவதை வீடியோவுல வேணாம், சனிக்கிழமை சாயந்திரம் அந்தப் பொண்ணையே சென்டருக்கு வரச் சொல்றேன், நீயே பக்கத்துல நின்னு பாருன்னார். குரல்ல வழக்கமான சிரிப்பு இல்லை.

ஜூன் 24, புதன்

ஷெரின் எனக்குத் தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கா. சின்னக் குரல், ஆனா நடுக்கம் இல்லை. ஸ்பீக்கர்ல போட்டேன், சுபாவுக்கும் கேட்டிருக்கும்.

"அண்ணா, உங்களுக்கு எதைப் பார்த்தா நம்பிக்கை வரும்னு சொல்லுங்க, அதைச் செய்றேன். அத்தா இந்த ஒரு சீசன்தான் விட்டிருக்காரு. சென்னைப் போட்டிக்குப் போற திருச்சி சிட்டி டீம்ல இடம் கிடைச்சா அப்புறமும் ஆடலாம்னாரு. இப்ப குரூப்புல என்னைத் திருடின்னு எழுதுறதைத் தம்பி அவர்கிட்ட காட்டிட்டான். ஜெயிக்கிறதுக்குக் கேக்கலைண்ணா. நான் திருடலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

திருடின்னு நான் எழுதலை. திருப்தி இல்லைன்னுதான் எழுதினேன். மத்தவன் எழுதினதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

பதில் போடலை. தண்ணி மோட்டார் வேற ரிப்பேர், அதைப் பார்க்கவே நேரம் சரியாப்போச்சு.

ஜூன் 27, சனி

சென்டருக்குப் போயிட்டு வந்தேன். மொழியும் வந்திருந்தான்.

ஷெரின் ஒல்லியா, கண்ணாடி போட்ட பொண்ணு. அவ அத்தா, அதான் அப்பா, உள்ளே வரலை, வெளியே ஸ்கூட்டர் மேலயே உக்காந்திருந்தார். ஸ்டீபன் அண்ணன் சென்டர் மௌஸைக் கொடுத்தார், அதுல ரெண்டே பட்டன். அவ கையைப் பேன்ட்டுல துடைச்சுக்கிட்டு உக்காந்தா. நான் தோளுக்குப் பின்னாடி நின்னேன்.

என்னத்தைச் சொல்றது. ஆடினா. அவ்வளவுதான். அதே வேகம், அதே சத்தம்.

முடிஞ்சதும் எழுந்து நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டா. "அண்ணா, நீங்களும் இந்த மௌஸ்ல ஒரு ஆட்டம் ஆடுங்களேன். பெரியவங்க எப்படிப் பிடிக்கிறாங்கன்னு பார்த்துக்கிறேன்."

அவ வேற எதையும் மனசுல வச்சுக் கேட்ட மாதிரி தெரியலை. மொழி ஆமாண்ணே ஆடுங்கண்ணேன்னு உற்சாகமா வந்தான். எனக்குக் காது ரெண்டும் சூடாயிடுச்சு. இன்னைக்குக் கை வலிக்குதுன்னேன். எத்தனை நாளா வலின்னு அவ கேட்டா, ரொம்ப அக்கறையா. ஒரு வருஷமாச்சுன்னு வாயில வந்துடுச்சு. மொழி என்னையே பார்த்தான். போன ஞாயிறு அப்படிச் சுட்டீங்களேண்ணேன்னு மெதுவாக் கேட்டான். நான் காதுல வாங்கலை.

ஸ்டீபன் அண்ணன், சொல்லு தியாகுன்னார்.

திருப்தின்னு சொல்லிட்டா அந்த மௌஸை என் பக்கம் தள்ளுவாங்கன்னு தோணுச்சு. ஏன் அப்படித் தோணுச்சுன்னு தெரியலை. இங்கே நெட் வேகம் வேற, வீட்டுல வேற, இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, திருப்தி இல்லைன்னுட்டேன்.

ஷெரின் ஸ்டீபன் அண்ணனுக்கு மட்டும் வர்றேன்னு சொல்லிட்டு வெளியே போனா. கண்ணாடிக் கதவு வழியாப் பார்த்தேன், அத்தாகிட்ட ஏதோ சொன்னா. அவர் கேட்டுட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார். என்ன பேசினாங்கன்னு எனக்கு எதுக்கு?

ஜூன் 28, ஞாயிறு

அரையிறுதி ஜெயிச்சோம். ஷெரின் இல்லாம அவ டீமும் எப்படியோ ஃபைனலுக்கு வந்துடுச்சு.

ஆட்டம் முடிஞ்ச உடனே மொழி ஹெட்செட்டைக் கட் பண்ணிட்டுப் போயிட்டான்.

ஜூன் 30, செவ்வாய்

ஷெரின் குரூப்புல ஒண்ணு எழுதியிருக்கா. நான் வேற என்னவோ எதிர்பார்த்தேன். என்னைத் திட்டுவான்னுதான். அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"இந்த சீசன் நான் ஆட முடியாது, அது பரவாயில்லை. ஒரு யோசனை சொல்லலாமா? தியாகு அண்ணாவுக்கு ஒரு வருஷமா கை வலியாம். கை வலி உள்ளவங்க தொடர்ந்து சுடுற ரேபிட் ஃபயர் பட்டன் வச்சுக்க லீக்ல அனுமதி கொடுக்கலாமே. முன்னாடியே சொல்லிட்டு வச்சுக்கட்டும். எல்லாருக்கும் தெரிஞ்சு இருந்தா அது ஏமாத்து இல்லையே. அண்ணா மாதிரி ஆளு வலியோட ஆடுறது கஷ்டமா இருக்கு."

ஒவ்வொருத்தனா கட்டை விரலைத் தூக்க ஆரம்பிச்சான். எதிர் டீம் கேப்டன்கூட, இதுல என்ன இருக்கு, தாராளமான்னு போட்டான். ஸ்டீபன் அண்ணன் ஒரு மணி நேரத்துல விதியையே திருத்திட்டார். அப்புறம் எல்லார் முன்னாடியும் கேட்டார், தியாகு, உனக்கு வேணுமாப்பா?

ஒரே வார்த்தை. ஆமான்னு போட்டிருந்தா முடிஞ்சுது. கையும் பிழைச்சிருக்கும்.

ஆனா எப்படிப் போடுவேன்? அன்னைக்கு மெஷின் மாதிரி சுட்டீங்கன்னு அத்தனை பேரும் கேட்க மொழி கூவினானே. நாளைக்கு அந்தப் பட்டனோட அதே சத்தம் கேட்டா எவனுக்கும் கணக்குப் போடத் தெரியாதா?

எனக்கு எதுக்கு, நான் கையாலதான் ஆடுவேன்னு போட்டேன். கைதட்டல் படமா வந்து குவியுது. அவளும் ஒண்ணு போட்டிருக்கா.

தெரிஞ்சுதான் செய்றாளா, தெரியாமலா? தெரிஞ்சு செஞ்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

ஜூலை 2, வியாழன்

மொழி போன் பண்ணினான். புதுக்கோட்டையில சித்தப்பா வீட்டு விசேஷமாம், ஃபைனலுக்கு வர முடியாதாம், வேற ஆளைப் போட்டுக்குங்கண்ணேன்னான். என்ன விசேஷம்னு கேட்டேன். "அண்ணே, நான் எதையும் கேக்கலை. நீங்களும் கேக்காதீங்க"ன்னு வச்சுட்டான்.

விசேஷம்னா விசேஷம்தான். பையன் பொய் சொல்ல மாட்டான்.

ஜூலை 5, ஞாயிறு

ஜெயிச்சோம். கோப்பை. சிட்டி டீம் லிஸ்ட்டுல முதல் பேர் என்னோடது.

அந்தப் பட்டனை இன்னைக்குத் தொடக்கூடாதுன்னுதான் உக்காந்தேன், சத்தியமா. முதல் அஞ்சு நிமிஷம் தொடலை. நாலு தடவை செத்தேன். அப்புறம் தொட்டேன். கேட்டிருந்தா கொடுத்திருப்பாங்க, கேக்காம எடுத்துக்கிட்டேன்.

ஸ்வீட் வாங்கிட்டு வந்தேன். சுபா ஒண்ணை எடுத்து சாமி மாடத்துல வச்சுட்டு, மத்ததைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டா. நீ சாப்பிடலையான்னேன். இனிப்பு வேணாம்னா.

ஜூலை 6, திங்கள்

சுபா கடைசியில கேட்டுட்டா. துணி மடிச்சுக்கிட்டே, என் முகத்தைப் பார்க்காம.

"அது தானாச் சுட்டதை நான் பார்த்தேன்ல. அதைப் பத்தி நான் பேசலை, அது உங்க பாடு. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தைதானே கேட்டுச்சு. அதைக் கொடுத்தா உங்களுக்கு என்னங்க குறைஞ்சிடும்?"

நான் சட்டையை மாட்டிக்கிட்டு ஷோரூமுக்குக் கிளம்பிட்டேன். போய்ப் பார்த்தா ஒரு மணி நேரம் முன்னாடியே வந்திருக்கேன், ஷட்டரே திறக்கலை.

ஜூலை 7, செவ்வாய்

எழுதுறேன், அழிக்கிறேன். அனுப்ப வரமாட்டேங்குது.

ஜூலை 8, புதன்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அனுப்பிட்டேன். 'ஷெரினோட மூணு ஆட்டத்தையும் திரும்ப யோசிச்சுப் பார்த்தேன். மூணும் சுத்தம். திருப்தி.' அதுக்கு மேல எழுத வேண்டியது இருந்துச்சு. பெருவிரல் அதுக்கு மேல போகலை.

ஸ்டீபன் அண்ணன் உடனே கூப்பிட்டார். லிஸ்ட் காலையிலதான் சென்னைக்குப் போச்சு, இப்ப வந்து சொல்றியே, திடீர்னு என்னடா புதுசாத் தெரிஞ்சுதுன்னார். முன்னாடி சரியாப் பார்க்கலைண்ணேன்னேன். அதுவும் பொய். முதல் தடவையே எல்லாம் தெரிஞ்சுது. அவர் போனை வச்சுட்டார். மொழி குரூப்பை விட்டே போயிட்டான்னு அப்பத்தான் பார்த்தேன்.

அவ கோபமா ஏதாவது எழுதுவான்னு சாயந்திரம் வரைக்கும் போனைக் கையிலயே வச்சிருந்தேன். எழுதணும்னு வேண்டிக்கூட இருந்தேன். சிட்டி டீம் போச்சு, சீசன் போச்சு, நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டா எனக்கும் கொஞ்சம் ஆறும்.

ஆறு மணிக்கு வந்துச்சு.

"ரொம்ப நன்றிண்ணா. அத்தாகிட்ட காட்டிட்டேன். அந்த விதியை எழுதினவரே சொல்லிட்டார்னா அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு சொன்னாரு. அடுத்த சீசன் ஆடிக்கோன்னுட்டாரு. உங்க கை எப்படி இருக்குண்ணா?"

என் வார்த்தையைச் சாட்சியா எடுத்துக்கிற ஒரு வீடு பாலக்கரையில இருக்கு. என் கை எப்படி இருக்குன்னு கேட்ட அந்த மெசேஜுக்கு நான் இன்னும் பதில் போடலை.